மெழுகு ஏறாத தரை

மார்ச் 11, செவ்வாய். இன்று செய்த தவறு: வெர்னா டோலெஃப்சனிடம், "கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். விசாரிக்கப் போனவள் விசாரிக்கப்படுகிறவருக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. ஆறுதல் சொன்னால் பாதித் தீர்ப்பு சொன்ன மாதிரி. ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியவும் தெரியாது. நிறைய ஆகும் போலத்தான் இருக்கிறது. மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், பாதி காதில் ஏறவில்லை. நாளை: பேராசிரியர் ஃபென்விக்கின் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை காலை மாரிட் ஸ்டென்சன் உயிரியல் கட்டடத்துக்குள் கால் வைத்தபோது பூட்ஸில் பாதி மின்னசோட்டாவின் பனிச்சேறு ஒட்டியிருந்தது. மிதியடியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பின்னால் வந்த லாயிட் புருசேக் அந்த வேலையெல்லாம் பார்க்கவில்லை. இரண்டடி வைத்தான், பளபளத்த தரையில் சர்ரென்று வழுக்கினான், சுவரைப் பிடித்து நின்றான்.

"நான் விழுந்திருந்தா யூனிவர்சிட்டி மேல கேஸ் போடலாமா பாஸ்? சட்டம் படிக்கிறீங்களே."

"முதல் வருஷம்தான் லாயிட். என்னை நம்பிப் போட்டா தோத்துடுவீங்க."

டெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் உள்தணிக்கைப் பிரிவில் இருந்தது இந்த இரண்டு பேர்தான். மாரிட்டுக்கு இருபத்தேழு வயது. பகலில் தணிக்கை, மாலையில் சட்ட வகுப்பு, ராத்திரியில் அன்றைய தவறுகளை எழுதிவைக்கும் டைரி. லாயிட்டுக்கு ஐம்பத்தைந்து. இங்கே வருவதற்கு முன் இருபது வருஷம் இதே வளாகத்தில் கார் கண்ணாடிகளில் அபராதச் சீட்டு ஒட்டியவன். அவனைப் பார்த்துப் புன்னகைக்கும் பேராசிரியர் ஒருவர்கூடக் கிடையாது. அவனுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

விவகாரம் இதுதான். வாஷிங்டன் கொடுத்த ஆராய்ச்சிப் பணத்தில் ஃபென்விக்குக்கு ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார்கள். ரத்தத்தில் இருக்கும் செல்களை இனம் இனமாகப் பிரிக்கும் இயந்திரம். வாஷிங்டன் பணம் என்றால் கடைக்குப் போய்க் கைகாட்டி வாங்கிவிட முடியாது. என்ன வேண்டும் என்று தேவைக் குறிப்பு எழுதி, டெண்டர் விட்டு, வந்தவர்களை ஒரே தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டெண்டரை நடத்தியவள் கொள்முதல் அதிகாரி வெர்னா. ஜனவரிக் கடைசியில் உறைகளைப் பிரித்தாள். கெட்ரிக் என்ற கம்பெனி ஜெயித்தது. பிப்ரவரியில் இயந்திரம் வந்து இறங்கியது.

தோற்ற கம்பெனி சோர்ன்வெல். அதன் விற்பனையாளன் க்ளேட்டன் வோஸ் ஒரு புகார் கொடுத்தான். 'டெண்டர் வெறும் நாடகம். கிறிஸ்துமஸ் சமயத்திலேயே கெட்ரிக் இயந்திரம் ஃபென்விக்கின் அறையில் நின்றது. முதலில் வாங்கிவிட்டார்கள், பிறகுதான் டெண்டர் விட்டார்கள். நடத்தியது வெர்னா.'

நிர்வாகம் இரவுக் காவலாளியைக் கேட்டது. "ஆமா, பெரிசா வெள்ளையா ஒண்ணு நின்னுச்சு, மேல துணி போட்டிருந்தாங்க" என்றான். பக்கத்து ஆய்வுக்கூடத்து மாணவி ஒருத்தியும் அதையே சொன்னாள். கெட்ரிக்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள். ஜெயித்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? வியாழன் காலை ஒன்பதரைக்குக் குழு கூடுகிறது. அதற்குள் வேறு எதுவும் தெரியவராவிட்டால் வெர்னாவை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாஷிங்டன் பணத்தில் விளையாடியவள் என்ற பெயரோடு வெளியே போனால், இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

இருநூற்றுப் பதினான்காம் அறை. ஃபென்விக் நின்றுகொண்டே தெர்மாஸிலிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். மாரிட்டைப் பார்த்ததும் தலையாட்டினார். லாயிட்டைப் பார்த்ததும் மூடியைத் திருகினார்.

"மிஷின் இங்க எப்ப வந்தது புரொஃபசர்?" என்றாள் மாரிட்.

"கொள்முதல்ல கேளுங்க. எனக்குச் செல் தெரியும், தேதி தெரியாது."

"கிறிஸ்துமஸ்ல இந்த இடத்துல ஏதாவது நின்னுச்சா?"

"எதுவும் பேசாதேன்னு என் வக்கீல் சொல்லியிருக்கார்."

"உங்க ஆராய்ச்சியாளர்களைக் கேட்டா, உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

"நல்ல பசங்க" என்று சொல்லிவிட்டு ஃபென்விக் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லாயிட் அந்தக் கதவையே பார்த்தான். "இவர் காருக்கு நாலு தடவை சீட்டு ஒட்டியிருக்கேன் பாஸ். நாலு தடவையும் வந்து கத்தினாரு. தப்பு செய்யாதப்ப நல்லாக் கத்துவாரு. இன்னிக்குக் கத்தவே இல்ல, பாத்தீங்களா?"

மாரிட் இயந்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். துணி அலமாரி அளவுக்கு இருந்தது அது. நான்கு எஃகுக் கால்களில் வயிற்றைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் கெட்ரிக் என்று நீல எழுத்து. இடது பக்கம் வந்தபோது அவள் குனிந்தாள். பிறகு மண்டி போட்டாள்.

"என்ன, பிரார்த்தனையா?"

"இங்க பாருங்க."

அறை முழுக்கத் தரை கண்ணாடிபோல் மின்னியது. இயந்திரத்தின் இடது பக்கத்தில் மட்டும், ஒரு கையகலத்துக்கு, மங்கலான ஒரு பட்டை. பழைய தரை, பளபளப்பே இல்லை. பட்டையின் விளிம்பு அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது.

டெல்பர்னில் வேலை பார்க்கிற எவருக்கும் அது என்னவென்று தெரியும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில், கட்டடத்தைப் பூட்டிவிட்டுத் தரைக்கு மெழுகு பூசுவார்கள். அதற்கு முந்தின நாள் எல்லோரும் நாற்காலிகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டு, யார் நாற்காலி யாருடையது என்று ஜனவரியில் சண்டை போடுவார்கள். இழுக்க முடியாத கனமான சாமான் இருந்தால் பூசுகிறவர்கள் அதைச் சுற்றிப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள்.

"அப்படின்னா..." என்றான் லாயிட். வழக்கமாக வந்து விழும் கிண்டல் அவன் வாயில் வரவில்லை.

"கிறிஸ்துமஸ்ல இந்த இடத்துல கனமா ஒண்ணு நின்னிருக்கு. அப்புறம் லேசா நகர்ந்திருக்கு. வோஸ் சொன்னது உண்மை."

காவலாளிக்கு மறதி வரலாம், மாணவி வேறு எதையாவது பார்த்துக் குழம்பியிருக்கலாம். தரைக்கு யார்மேலும் பகை இல்லை. வெர்னாவைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்காதா என்று வந்த மாரிட், வெர்னாவின் கழுத்துக்குக் கயிற்றைத் தன் கையாலேயே கண்டெடுத்திருந்தாள்.

வெர்னாவின் அறையில் அலங்காரம் எதுவும் இல்லை. மேஜை ஓரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா மட்டும் இருந்தது. விற்பனையாளர்கள் மறந்ததுபோல் விட்டுப்போகும் பேனாக்களை அதில் போட்டுவைத்து, வெள்ளிக்கிழமை தோறும் தன் சொந்தச் செலவில் தபாலில் திருப்பி அனுப்புவாள். வாஷிங்டன் விதி, விற்கிறவனிடம் கைநீட்டக் கூடாது என்கிறது. அவன் பேனாவால் கையெழுத்துப் போடுவதும் கைநீட்டுவதுதான் என்பது வெர்னாவின் கட்சி.

"இவங்க முன்னாடி ஒரு சேல்ஸ்மேன் தும்மினான்னு வைங்க," என்று லாயிட் ஒருமுறை சொல்லியிருக்கிறான், "மூணு கம்பெனிகிட்ட விலை கேட்டுட்டுத்தான் கைக்குட்டை கொடுப்பாங்க."

இன்று அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். மாரிட் உட்கார்ந்தாள்.

"உன் மூஞ்சியே சொல்லுது" என்றாள் வெர்னா. "நேத்து ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே. இன்னிக்குச் சொல்லு பாப்போம்."

மாரிட் நோட்டைத் திறந்தாள். "வெர்னா, அந்த மிஷின் பிப்ரவரியிலதான் வந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கெட்ரிக்காரங்க வண்டியிலிருந்து இறக்கினப்ப பக்கத்துல நின்னேன். சும்மா இல்ல, மூக்கு உறைஞ்சு போச்சு."

"அதுக்கு முன்னாடி அந்த அறைக்குப் போனீங்களா?"

"டெண்டர் முடியற வரைக்கும் வாங்கறவர் அறைப் பக்கமும் போக மாட்டேன், விக்கிறவன் பக்கமும் போக மாட்டேன். போனா அவன் சிரிப்பான், இவர் காப்பி கொடுப்பார், எனக்கு மனசு ஒரு பக்கமா சாயும்." வெர்னா டப்பாவை நகர்த்தி வைத்தாள். "ஃபென்விக்கைப் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எல்லாரையும் கேக்கறதுதான். இந்தத் தேவைக் குறிப்பை யார் எழுதினதுன்னு. நானேதான் எழுதினேன்னார். போன்ல சொன்னது. அதுக்குச் சாட்சி இல்ல, சாட்சி எதுக்குன்னு அன்னிக்குத் தோணவும் இல்ல."

மாரிட் குறித்துக்கொண்டாள். அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். மாலை வகுப்பில்கூட முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி அது. தேவைக் குறிப்பை எழுத உதவிய கம்பெனி, அந்த டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது. பரீட்சைக் கேள்வியைத் தயாரித்தவனே பரீட்சையும் எழுதினால் எப்படி? ஆனால் இப்போது கழுத்தைப் பிடித்திருப்பது குறிப்பு இல்லை, தரை.

"நாளைக்குக் குழு முன்னாடி எல்லாத்தையும் சொல்லுவியா? நீ கண்டுபிடிச்சதை எல்லாம்?" வெர்னா நேராகப் பார்த்தாள்.

"சொல்லித்தான் ஆகணும்."

"நானா இருந்தாலும் சொல்லுவேன்" என்றாள் வெர்னா. குரல் உடையவில்லை. ஆனால் டப்பாவிலிருந்து ஒரு பேனாவை எடுத்தவள், அதை எதற்கு எடுத்தோம் என்று மறந்தவள்போல் திரும்பவும் உள்ளே போட்டாள்.

உயிரியல் கட்டடத்துத் தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு, எதிரே காசு போட்டால் தின்பண்டம் தள்ளும் பெட்டி. பெஞ்சில் மாரிட் முழங்கையை மடியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"நான் வராமலே இருந்திருக்கலாம் லாயிட்."

"வராம இருந்தா அந்தக் கோடு அழிஞ்சிடுமா? இந்தாங்க, மிட்டாய் சாப்பிடுங்க. சோகத்துக்குச் சர்க்கரை நல்லது." உருண்டையான புதினா மிட்டாயை அவன் நீட்டினான். வாங்கும்போது அது நழுவியது, தரையில் டக்கென்று விழுந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது.

"விடுங்க."

"கடைசி மிட்டாய் பாஸ்!" லாயிட் முட்டி முறிய மண்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அட, இங்க ஒருத்தன் என்னை முறைக்கிறான். கிழட்டு மூஞ்சி. ஓ, நான்தானா! இந்தத் தரையில ஷேவிங்கே பண்ணலாம்."

மாரிட் நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"கிழட்டு மூஞ்சின்னேன். என் மூஞ்சியைத்தான்."

"பெஞ்சுக்கு அடியில தரை மின்னுதா?"

"நல்லாவே."

அவளும் மண்டி போட்டாள். பெஞ்சுக்கு அடியில் மூலை வரைக்கும் மெழுகு ஏறியிருந்தது. பெஞ்சின் கால்களை ஒட்டி மட்டும் நான்கு சின்ன மங்கல் புள்ளிகள். திரும்பி எதிரே பார்த்தாள். தின்பண்டப் பெட்டிக்குக் கால் இல்லை, அடிப்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. மெழுகு அதன் விளிம்போடு நின்றுபோயிருந்தது.

அவள் எழுந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். வழுக்கும் என்பதுகூட நினைவில்லை.

அறையில் கெட்ரிக் இயந்திரத்தின் முன் படுத்து, போன் விளக்கை அதன் வயிற்றுக்கு அடியில் அடித்தாள். மெழுகு பூசும் துடைப்பம் தாராளமாகப் போய்வரும் இடைவெளி. அங்கே மெழுகு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. நீண்ட செவ்வகமாக முழுக்க மங்கிய பழைய தரை. அந்தச் செவ்வகத்தின் ஒரு ஓரம்தான் இடது பக்கம் பட்டையாக வெளியே எட்டிப்பார்த்தது.

"ஒருவேளை மிஷினுக்கு அடியில பூசச் சோம்பலா இருந்திருக்கும்" என்றாள் அவள். தான் நினைத்ததைத் தானே மறுத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"பெஞ்சுக்கு அடியில பூசினவன் இங்க பூச மாட்டானா?"

"பாத்துடலாம்."

அறையில் காலுள்ள கனமான சாமான் இன்னும் மூன்று இருந்தன: கழுவும் மேஜை, பழைய குளிர்பெட்டி, சுவரோடு போல்ட் போட்ட ஒரு மேடை. மூன்றின் அடியிலும் படுத்து எழுந்தாள். மூன்றின் அடியிலும் தரை மின்னியது.

லாயிட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். "அதாவது, கிறிஸ்துமஸ்ல இங்க நின்னதுக்குக் காலே இல்ல. இதுக்கு நாலு கால் இருக்கு."

"காவலாளி பொய் சொல்லல, அந்தப் பொண்ணும் சொல்லல. வெள்ளையா பெரிசா ஒண்ணு நின்னுச்சு. துணியை விலக்கிப் பேர் படிச்சுப் பாத்தவங்கதான் யாரும் இல்ல."

"அப்ப அது என்ன மிஷின்?"

"டெண்டர்ல கலந்துக்கிட்ட மூணு கம்பெனியோட விளக்கப் புத்தகமும் வேணும். அப்புறம் ஒரு பெரிய அட்டை. குளிர்பெட்டி வந்த அட்டை மாதிரி."

"அட்டை கிடைக்கும். கத்தியும் என்கிட்ட இருக்கு. வேற யார் கழுத்தையாவது அறுக்கணுமா?"

புத்தகங்கள் வந்தன. மாரிட் மூன்றையும் திறந்து அடுத்தடுத்து வைத்தாள். ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது. லாயிட் எட்டிப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்த ஆளை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள்.

"வோஸைக் கூப்பிடுங்க" என்றாள் மாரிட். "புகாருக்கு ஆதரவா தடயம் கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க. பொய் இல்லயே."

க்ளேட்டன் வோஸ் மத்தியானம் வந்தான். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு, கையில் ஒரு பெட்டி டோனட். மாரிட் பெட்டியைத் தொடவில்லை. லாயிட் மோந்து மட்டும் பார்த்தான். "வாசனைக்கும் டெண்டர் விடணுமா பாஸ்?"

உள்ளறைக் கதவைத் தட்டி ஃபென்விக்கையும் வரச்சொன்னாள். அவர் வாசலிலேயே சாய்ந்து நின்றார். வோஸும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வேலை விஷயமாகப் பல வருஷம் பழகியவர்கள் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் கொஞ்சம் முயற்சி தேவை.

"மிஸ்டர் வோஸ், நீங்க சொன்னது சரிதான்" என்று மாரிட் ஆரம்பித்தாள். "கிறிஸ்துமஸ்ல இந்த இடத்துல ஒரு மிஷின் நின்னிருக்கு. அதுக்கு அழிக்க முடியாத அடையாளம் இருக்கு."

வோஸின் முகம் மலர்ந்தது. "நான்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். டிசம்பர்ல ஒருநாள் வேற வேலையா வந்தேன். ஜனவரியில காலேஜ் திறந்ததும் வந்தேன். ரெண்டு தடவையும் நின்னுச்சு."

"அதே இடத்துல?"

"அதே இடம். இஞ்ச்கூட நகரல."

"ரெண்டு தடவையும் ஒரே மிஷின்தானா? வேற ஏதாவது மிஷின் இங்க வந்து போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

"வாய்ப்பே இல்ல. கிறிஸ்துமஸ் முழுக்க இங்க நின்னது ஒரே ஒரு மிஷின்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா?"

"சந்தோஷமா!"

எழுதினான். கையெழுத்துப் போட்டான். தவளையைப் பிடிக்க வலை வேண்டியதில்லை, கத்த விட்டால் போதும். லாயிட் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, புத்தகத்து அளவுக்கு வெட்டிச் சுவரோரம் சாத்தியிருந்த பெரிய அட்டையை எடுத்து வந்தான்.

மாரிட் தரையைக் காட்டினாள். மெழுகு பூசியது எப்போது என்று சொன்னாள். காலுள்ள சாமானுக்கு அடியில் மெழுகு போகும், காலில்லாததற்கு அடியில் போகாது என்று சொன்னாள். வோஸின் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"லாயிட்."

லாயிட் மண்டி போட்டு, அட்டையை கெட்ரிக் இயந்திரத்தின் கால்களுக்கு நடுவே தள்ளினான். அட்டை சரசரவென்று உள்ளே போனது. இடது ஓரம் பட்டையின் விளிம்போடு ஒட்டியது. வலது ஓரம் ஒட்டியது. முன் விளிம்பு, பின் விளிம்பு எல்லாம் ஒட்டின. மங்கிய தரை முழுவதையும் அட்டை மூடிவிட்டது. அதைச் சுற்றி மெழுகு மட்டும் மின்னியது.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி" என்றான் லாயிட், கீழேயிருந்தே.

"இந்த அட்டை எந்த மிஷினோட அடிப்பாகம்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள் மாரிட்.

வோஸ் கேட்கவில்லை.

"உங்க சோர்ன்வெல் மிஷின். உங்க புத்தகத்துலேயே அளவு இருக்கு. தரையோடு உக்காருதுன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. கிறிஸ்துமஸ் முழுக்க இங்க நின்னது ஒரே ஒரு மிஷின்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

இயந்திரம் மட்டும் உள்ளுக்குள் எதையோ சுழற்றிக்கொண்டிருந்தது.

எங்காவது ஒரு இடத்தில் தவறியிருக்கிறோமா என்று மாரிட்டின் மனம் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "பழகிப் பாருங்கன்னு சும்மா கொண்டுவந்து வச்சீங்க. புரொஃபசருக்குப் பழகிப்போச்சு. இங்க உக்காந்துதான் தேவைக் குறிப்பு எழுதியிருக்கு. அதை எழுதினது யாரு மிஸ்டர் வோஸ்? நீங்க எழுதியிருந்தா டெண்டர்ல கலந்துக்கவே உங்களுக்கு உரிமை இல்ல. உங்களுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை இன்னொருத்தனுக்குச் சரியா இருந்துட்டதுதான் உங்க கோபம். உறை பிரிக்கறதுக்கு முன்னாடி மிஷினைச் சத்தமில்லாம எடுத்துட்டீங்க. நின்ன மிஷினை நாலு பேர் பாத்திருப்பாங்கன்னு தெரியும். அதனால உண்மையைச் சொல்லி, பேரை மட்டும் மாத்திட்டீங்க."

வோஸ் நிதானமாகக் கோட்டுப் பொத்தானைப் போட்டான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆட்டம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட அவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் பிடித்தது.

"சரி. புகாரை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன். பேர் குழப்பம்னு சொல்லிடறேன். வெர்னா வேலை பிழைச்சுது. உங்களுக்கும் வேண்டியது அதுதானே? இல்ல, எல்லாத்தையும் கிளறுவேன்னா... கிளறுங்க. எனக்கு ஒரு டெண்டர் போச்சு, இன்னொண்ணு வரும். ஆனா குறிப்பு எழுத என்னை விட்டது இவரு." கட்டைவிரலால் ஃபென்விக்கைக் காட்டினான். "வாஷிங்டன் இவர் பணத்தை நிறுத்தும். உள்ள வேலை பாக்கற அந்தப் பசங்க சம்பளம் நிக்கும். யோசிங்க மிஸ் ஸ்டென்சன்."

லாயிட் எழுந்து நின்றான்.

மாரிட் யோசித்தாள். சுலபமான வழி கண் முன்னால் திறந்து கிடந்தது. வெர்னா தப்பிப்பாள், யாருக்கும் காயம் இல்லை. ஆனால் பேர் குழப்பம் என்று சொன்னால் என்றைக்குமே ஒரு சந்தேகம் வெர்னாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு திரியும். அதோடு, இந்தப் பேரத்துக்குத் தலையாட்டினால் அவளும் வோஸிடம் ஒரு டோனட் வாங்கித் தின்ற மாதிரிதான்.

"முடியாது" என்றாள்.

"அவங்க கேட்டாங்க."

வாசலிலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். ஃபென்விக் தரையில் கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா போன்ல கேட்டாங்க, குறிப்பை யார் எழுதினதுன்னு. நானேதான்னு சொன்னேன். எழுதினது இவர். நான் கீழே கையெழுத்து மட்டும்தான் போட்டேன். எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க, ஒரு உதவிதானேன்னு நெனச்சேன்."

"புரொஃபசர்!" வோஸின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "உங்க வக்கீல் என்ன சொன்னார்?"

"பேசாதேன்னார். பேசாமத்தான் இருந்தேன். நான் பேசாம இருந்தா அந்தம்மாவை அனுப்பிடுவாங்கன்னு தெரிஞ்சும் ஒரு வாரமா இங்க நின்னு சூப் குடிச்சுக்கிட்டிருந்தேன்."

வோஸ் டோனட் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பூட்ஸ் சத்தம் தாழ்வாரக் கடைசி வரை கேட்டது.

லாயிட் சட்டென்று ஒரு வெள்ளைத் தாளை ஃபென்விக்கின் முன் வைத்தான். "சூட்டோட சூடா எழுதுங்க சார். நாலு தடவை சீட்டு ஒட்டினேன்னு மனசுல வச்சுக்காதீங்க."

மாரிட் அந்தத் தாளை எடுத்துவிட்டாள்.

"பாஸ்!"

"வக்கீல் வச்சிருக்கறவர்கிட்ட, அந்த வக்கீல் இல்லாம வாக்குமூலம் வாங்கக் கூடாது. வாங்கினா நாளைக்குக் குழு முன்னாடி ஒரே ஊதுல பறந்துடும்."

"ராத்திரி முழுக்க இருக்கு. மனசு மாறிட்டா?"

அவளுக்கும் அதுதான் பயம். ஃபென்விக்கின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டதில் வந்த வெளிச்சம் அதில் கொஞ்சம் இருந்தது, சொல்லிவிட்டோமே என்கிற நடுக்கமும் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"உங்க வக்கீலை நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இங்க வரச்சொல்லுங்க புரொஃபசர்" என்றாள். "நானும் வரேன்."

ஃபென்விக் தலையாட்டினார். ஆமாம் என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன். வோஸின் கையெழுத்து என்னிடம் இருக்கிறது. ஃபென்விக்கின் பேச்சைக் கேட்டவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் மறுப்பான். தாளை எடுத்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. வெர்னாவுக்கு எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு இன்னும் உரிமை வரவில்லை. நாளை காலை எட்டு மணி: ஃபென்விக்கின் அறை. கதவு திறந்தால் வாக்குமூலம் வாங்க வேண்டும். திறக்காவிட்டால் அட்டையைத் தூக்கிக்கொண்டு குழுவை அந்தத் தரைக்கே அழைத்துவர வேண்டும்.